கீறல் விழுந்த பண்டத்துக்கு முழு விலையா?

சத்தியவேட்டை ஒட்டியுள்ள ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை 2008-ஆம் ஆண்டு தொடங்கியது. மோட்டார் வண்டி முதல் சாக்லேட் வரை அங்கே உற்பத்தியாகிறது. எந்தத் தொழிற்சாலைக்குள் போனாலும் சரக்கைப் பரிசோதிக்கும் பகுதி என்று ஒன்று உண்டு. பெயின்டில் மயிரிழை அளவு கீறல் விழுந்தாலும், மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும், அந்தத் துண்டைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்ட தொழிலாளி சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்க வேண்டியதுதான்.

அப்படி வேலை பார்க்கும் தொழிலாளி, சம்பளம் வந்த வாரத்தில் கடைத்தெருவுக்குப் போய் ஒரு மின்விசிறியோ கிரைண்டரோ வாங்குகிறார். கடையில் பல மாதம் காட்சிக்கு நின்ற பண்டம். ஓரத்தில் ஒடுக்கு. அட்டைப் பெட்டி இல்லை. ஆனால், விலை மட்டும் முழு விலை!

“என்னண்ணா, இந்தப் பக்கம் அடிபட்டிருக்கே?”

“அதெல்லாம் சுவர்ப் பக்கம் போயிடும் தம்பி. உள்ள மோட்டாரு புதுசு. கடைசி பீஸு, வேணும்னா எடுத்துக்கோ.”

தம்பியும் எடுத்துக்கொள்கிறார். பகலில் கீறல் விழுந்ததை ஒதுக்கித் தள்ளியவர், சாயங்காலம் கீறலுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார்.

குறையுள்ள சரக்குக்கும், காட்சிக்கு வைத்த சரக்குக்கும் கடைக்காரர்கள் விலையைக் குறைக்கத்தான் வேண்டுமா? அது அவரவர் இஷ்டமா, கடமையா? இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஒரு பெரிய பண்டம் வாங்கும் குடும்பங்களுக்கு இது சின்னக் கேள்வி அல்ல.

எல்லை மாறியது, சந்தை மாறவில்லை

1960-ஆம் ஆண்டு வரை சத்தியவேடு செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பட்டாஸ்கர் பரிந்துரையை ஒட்டி எல்லை திருத்தப்பட்டு, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கும் சத்தியவேடு ஆந்திராவுக்கும் போயின. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டம் பிரிந்தபோது, சத்தியவேடு அதில் சேர்ந்தது.

மாவட்டம் மாறினாலும் மக்களின் கொள்வினை கொடுப்பினை மாறவில்லை. அவசரத் தேவைக்கு உள்ளூர்க் கடை. கொஞ்சம் பெரிய சாமானுக்கு ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி, புத்தூர், திருப்பதி. தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, தியாகராய நகர். இரண்டு மாநிலத்துக் கடைகளிலும் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இந்தப் பகுதித் தமிழர்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கு படித்தவருக்குத் தமிழ் எழுத்து தட்டுத் தடுமாறும். தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்தவருக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது. ரசீதோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அதன் அடியில் அச்சிட்டிருப்பதைக் கடையில் நின்று யார் படிக்கிறார்கள்? வீட்டுக்குப் போய், பண்டம் ஓடாதபோதுதான் ரசீதைத் தேடுகிறோம்.

எல்லாக் குறையும் ஒன்றல்ல

‘குறை’ என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் பல வகை உண்டு.

முதல் வகை, பெட்டி மட்டும் கிழிந்தது. உள்ளே பண்டம் நன்றாக இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவருக்கு இதனால் நஷ்டம் ஏதுமில்லை. இதற்காகப் பெரிய தள்ளுபடி கேட்பதும் முறையல்ல.

இரண்டாவது, பார்வைக்கு மட்டும் உள்ள குறை. எவர்சில்வர் குடத்தில் ஒடுக்கு, பீரோவில் கீறல், நாற்காலியில் பாலிஷ் மங்கியது. பண்டம் உழைப்பதில் குறைவில்லை, அழகில்தான் குறைவு. ஆனால், விலையில் அழகுக்கும் ஒரு பங்கு உண்டு. வாங்கிய மறுநாளே அதை விற்கப் போனால், அந்த ஒடுக்கைக் காட்டித்தான் விலையைக் குறைப்பார்கள். வாங்கும்போது கணக்கில் வராத ஒடுக்கு, விற்கும்போது மட்டும் எப்படிக் கணக்கில் வருகிறது?

மூன்றாவது, உதிரிச் சாமான் குறைவது. மிக்சிக்கு மூன்று ஜார் வர வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. டெலிவிஷனுக்கு ரிமோட் இல்லை. இதற்குக் கணக்கு சுலபம். அந்தச் சாமானைத் தனியே வாங்க என்ன ஆகுமோ, அதைக் கழிக்க வேண்டியதுதான்.

நான்காவது, காட்சிக்கு வைத்து உழைத்த பண்டம். இதில்தான் வாங்குபவர் அதிகம் ஏமாறுகிறார். மேலே ஒரு கீறலும் இல்லாததால் புதிது என்றே நினைத்துவிடுகிறார்.

ஐந்தாவது, ஆபத்தான குறை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஒரு டெலிவிஷன் கணக்கு

கடையில் காட்சிக்கு வைத்த டெலிவிஷன் ஒன்று காலை பத்து மணி முதல் இரவு பத்து மணி வரை ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 12 மணி நேரம். மாதத்துக்கு 360 மணி. ஆறு மாதம் ஓடினால் 2,160 மணி.

வீட்டில் நாளுக்கு நான்கு மணி நேரம் டெலிவிஷன் பார்க்கும் குடும்பத்துக்கு இது எத்தனை நாள் உபயோகம்? 540 நாள். அதாவது ஏறக்குறைய ஒன்றரை வருஷம்! ஒன்றரை வருஷம் ஒரு வீட்டில் ஓடிய பெட்டியைப் பக்கத்து வீட்டுக்காரர் முழு விலைக்குத் தந்தால் நாம் வாங்குவோமா? கடையில் ஓடியது என்றால் மட்டும் ஏன் வாங்குகிறோம்?

எல்லாக் காட்சிப் பொருளும் இப்படித் தேய்ந்துவிடுவதில்லை. குளிர்பதனப் பெட்டி பெரும்பாலும் மின்சாரம் கொடுக்காமலே நிற்கும். கதவைத்தான் பத்து பேர் திறந்து மூடியிருப்பார்கள். சோபாவில் நூறு பேர் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள். அதன் பஞ்சு அமுங்கியிருக்கும். பொம்மைக்கு உடுத்திய புடவை, விளக்கு வெளிச்சத்திலும் வெயிலிலும் நின்று மடிப்போரத்தில் சாயம் வெளுத்திருக்கும். செருப்புக் கடைக் கண்ணாடி அலமாரியில் ஒற்றைக் கால் செருப்பைத்தான் வைப்பார்கள். மற்றது பெட்டிக்குள் இருட்டில் இருக்கும். விற்கும் நாளில் இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பார்த்தால் வலது ஒரு நிறம், இடது ஒரு நிறம்!

ஆகவே, ‘டிஸ்ப்ளே பீஸ்’ என்றதும் கண்ணை மூடிக்கொண்டு இத்தனை சதவீதம் என்று கேட்க முடியாது. என்ன பண்டம், எவ்வளவு காலம் நின்றது, எவ்வளவு உழைத்தது என்று பார்த்துத்தான் விலை பேச வேண்டும். அப்படிப் பேசுவதற்கு, அது காட்சிக்கு நின்றது என்பதை முதலில் கடைக்காரர் சொல்ல வேண்டும். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

கடைக்காரர் தரப்பு

வியாபாரிகள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

சிறிய ஊர்க் கடைக்காரர் சென்னையிலிருந்தோ திருப்பதியிலிருந்தோ சரக்கு எடுக்கிறார். லாரியில் வரும்போது அடிபட்டால், மொத்த வியாபாரி எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை. நஷ்டம் இவர் தலையில்தான். ஒரு ரகத்தில் ஒரே ஒரு துண்டுதான் வைத்திருப்பார். அதுவேதான் காட்சிப் பொருள், அதுவேதான் விற்பனைப் பொருள். பெரிய ஷோரூம்காரர் போல ஒன்றைக் காட்டி வேறொன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்க இவருக்கு முதலும் இல்லை, இடமும் இல்லை.

வாடிக்கையாளரிலும் பல ரகம் உண்டு. சட்டையின் பொத்தானை நைசாகத் திருகிப் பிய்த்துவிட்டு, ‘பொத்தான் இல்லையே, ஐம்பது ரூபாய் குறை’ என்பவர்கள் உண்டு. நகத்தால் கீறிவிட்டு விலை பேசுபவர்கள் உண்டு. ஒருவருக்குக் குறைத்தால், நல்ல சரக்கு வாங்கியவரும் நாளைக்கு வந்து ‘அவருக்கு மட்டும் எப்படி?’ என்று நிற்பார்.

இதையெல்லாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால், மொத்த வியாபாரி செய்த அநியாயத்தைச் சில்லறையில் வாங்குபவர் மேல் இறக்கிவிடுவது அதற்குப் பரிகாரமா? குறையைச் சொல்லாமல் விற்ற கடைக்காரருக்கு அன்றைக்கு ஐந்நூறு ரூபாய் மிச்சம் ஆகலாம். அந்த வீட்டுக் கல்யாணச் சீர்வரிசை வேறு கடைக்குப் போய்விடும். சிறிய ஊரில் ஒரு வீட்டின் பேச்சு பத்து வீட்டுக்கு எட்ட எத்தனை நேரம் ஆகும்?

தள்ளுபடியால் கடைக்காரருக்கும் லாபம் உண்டு. அடிபட்ட பண்டம் விற்காமல் இரண்டு வருஷம் தூசி படிந்து கிடந்தால் முதலும் முடங்கும், இடமும் அடைபடும், பண்டத்தின் மாடலும் பழசாகிவிடும். குறையைச் சொல்லி விலையைக் குறைத்தால், அந்த விலைக்கு மட்டுமே வாங்கக்கூடிய ஒரு குடும்பம் அதை எடுத்துக்கொள்ளும். ஆட்டுக்கல்லில் கையால் அரைத்துக்கொண்டிருந்த வீட்டுக்குக் கிரைண்டர் வந்து சேர்வது இப்படித்தான்.

வரிக் கணக்கில் சிக்கல் வரும் என்று சிலர் சொல்வதுண்டு. 2017 ஜூலை 1 முதல் அமலில் உள்ள ஜி.எஸ்.டி. சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. விற்கும்போதே கொடுக்கும் தள்ளுபடியை ரசீதில் காட்டினால், அதைக் கழித்த மதிப்புக்குத்தான் வரி. ஆகவே, எழுதிக் கொடுப்பதால் கடைக்காரருக்கு நஷ்டம் இல்லை.

துணிக் கடையில் பழைய பழக்கம்

குறையைச் சொல்லி விற்பது நம் ஊருக்குப் புதிதல்ல. மில் துணியில் குறையுள்ளதை ‘செகண்ட்ஸ்’ என்று பிரித்து விற்ற பழக்கம் பெரியவர்களுக்குத் தெரியும். கட்பீஸ் கடை என்பது அந்தக் காலத்தில் குமாஸ்தா குடும்பங்களின் தீபாவளிக் கடை. திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியிலிருந்து ஒதுக்கப்பட்ட பனியனையும் சட்டையையும் தேடி வெளியூர் வியாபாரிகள் வருகிறார்கள். தையலில் ஒரு பிசகு, அளவில் ஒரு வித்தியாசம் என்பதற்காக வெளிநாட்டுக்காரர் வேண்டாம் என்றது. வாங்குபவருக்கும் அது தெரியும். விலையும் அதற்குத் தக்கபடி இருக்கும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

நகரி, புத்தூர், நாராயணவனம் பக்கத்து நெசவாளர்களுக்கும் இது தெரிந்த விஷயம். பாவு இழை அறுந்து கோடு ஓடியிருந்தால், ஊடை இழை ஓர் இடத்தில் விட்டுப்போயிருந்தால், எண்ணெய்க் கறை பட்டிருந்தால், கூலியிலேயே பிடித்தம் விழும். நெய்தவர் கூலியில் பிடித்த பிறகு, அதே சேலையைக் கடையில் முழு விலைக்கு விற்றால், அந்தக் குறைக்கு இரண்டு பேர் தண்டம் கட்டுகிறார்கள். நடுவில் இருப்பவருக்கு மட்டும் அது லாபமாகிறது.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கைத்தறித் துணியில் இழை அங்கங்கே கொஞ்சம் தடித்தும் மெலிந்தும் இருப்பது குறை அல்ல. கையால் நெய்ததற்கு அதுதான் அடையாளம். அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்வது நெசவாளிக்குச் செய்யும் துரோகம்.

ரயில்வேயில் ஒரு முறை

ரயிலில் வந்த சரக்கு உடைந்தோ நனைந்தோ வந்தால், பெற்றுக்கொள்பவர் ‘ஓப்பன் டெலிவரி’ கேட்கலாம். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 81-வது பிரிவில் இதற்கு இடம் இருக்கிறது. சிப்பந்தியும் சரக்குக்காரரும் சேர்ந்து மூட்டையைப் பிரித்துப் பார்த்து, என்ன சேதம், எவ்வளவு சேதம் என்று எழுதி வைக்கிறார்கள். பிறகு நஷ்ட ஈடு கேட்பதற்கு அந்தக் காகிதம்தான் ஆதாரம்.

ரயில்வேயும் மற்ற அரசு ஸ்தாபனங்களும் கழிவுச் சரக்கை ஏலம் விடும்போது ‘இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்’ என்று நிபந்தனை போடுவார்கள். ஏலம் கேட்பவர் முதலில் போய்ப் பார்க்கலாம். பார்த்த பிறகு அதற்கு ஏற்ற விலையைத்தான் கேட்பார். குறை மறைந்திருக்கவில்லை; விலையும் அதை ஒட்டியே இருக்கிறது.

ஒரு மூட்டைச் சரக்குக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்கும்போது, ஒரு தொழிலாளி மூன்று மாதம் மிச்சம் பிடித்து வாங்கும் கிரைண்டருக்கு இரண்டு வரி எழுதிக் கொடுப்பது பெரிய காரியமா?

சட்டம் என்ன சொல்கிறது?

குறையுள்ள பண்டத்துக்கு இத்தனை சதவீதம் குறைத்தே தீர வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. கடைக்காரர் முழு விலை கேட்கலாம். வாங்குபவர் வேண்டாம் என்று போகலாம். ஆனால், குறையை மறைத்து விற்கக் கூடாது.

1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு இன்றும் அமலில் உள்ளது. அந்தப் பண்டத்தில் வியாபாரம் செய்பவர் விற்கும்போது, அது விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனை. ஆனால், அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வாங்குபவர் பண்டத்தைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறைக்கு அந்த நிபந்தனை பொருந்தாது. அதாவது, ஒடுக்கைப் பார்த்துவிட்டுப் பேசாமல் முழு விலை கொடுத்து வந்தவர், மறுநாள் ஒடுக்கைக் காட்டிச் சண்டை போட முடியாது. பேச வேண்டியதைப் பணம் கொடுக்கும் முன்பே பேசிவிட வேண்டும். உள்ளே மறைந்திருந்து பிறகு தெரியவரும் குறை வேறு. அதற்குக் கடைக்காரர் பொறுப்பு.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. பழையது, உபயோகித்தது, புதுப்பித்தது ஆகிய பண்டங்களைப் புதிது என்று பொய் சொல்லி விற்பது முறையற்ற வியாபாரம் என்கிறது இந்தச் சட்டம். ரசீது கொடுக்காமல் இருப்பதும் முறையற்ற வியாபாரமே. குறையுள்ள பண்டத்தை, ரசீதில் கண்ட கெடுவுக்குள்ளோ, கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள்ளோ, திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்துவிட்டால் எல்லாவற்றிலிருந்தும் தப்பித்துவிடலாம் என்று கடைக்காரர்கள் நினைத்தால் அது தப்புக் கணக்கு.

எல்லைப்புற மக்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டப்படி, கடை இருக்கும் ஊரிலோ, வியாபாரம் நடந்த ஊரிலோதான் வழக்குப் போட வேண்டியிருந்தது. சென்னையில் வாங்கியதற்குச் சென்னைக்கே அலைய வேண்டும். பஸ் கட்டணமும் ஒரு நாள் சம்பளமும் போகும் என்று பலர் விட்டுவிடுவார்கள். புதிய சட்டத்தின் 34-வது பிரிவு, புகார் செய்பவர் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போட இடம் தருகிறது. எம்.சி. ரோட்டில் வாங்கிய துணிக்கும் சத்தியவேட்டுக்காரர் தம் மாவட்டத்திலேயே நியாயம் கேட்கலாம். 5 லட்ச ரூபாய் வரை விலை கொடுத்த பண்டத்துக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் புகார் செய்ய வேண்டும். முதலில் யோசனை கேட்க 1915 என்ற தேசிய உதவித் தொலைபேசி இருக்கிறது. அதில் தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

வெளிநாடுகளிலும் அடிப்படை இதுதான். இங்கிலாந்தில் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, விற்கும் முன்பே குறிப்பாகச் சுட்டிக்காட்டிய குறைக்காக வாங்குபவர் பிறகு புகார் சொல்ல முடியாது. சுட்டிக்காட்டாத குறைக்குக் கடைக்காரர் பதில் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவிலும் ‘உள்ளது உள்ளபடி’ என்று வெளிப்படையாகச் சொல்லி விற்கும் முறை உண்டு. வாயைத் திறந்து சொல்வது கடைக்காரருக்கே பாதுகாப்பு என்பதை அந்த ஊர் வியாபாரிகள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

ரசீதில் இரண்டு வரி

சண்டையும் வழக்கும் இல்லாமல் முடிய ஒரு சுலபமான வழி, ரசீதில் குறையை எழுதி வாங்குவது. உதாரணமாக, 12,000 ரூபாய் பண்டத்துக்கு இப்படி எழுதலாம்:

“காட்சிக்கு வைத்த பொருள். வலப்புறம் ஒரு விரல் நீளக் கீறல் காட்டப்பட்டது. ஓட்டிப் பார்க்கப்பட்டது. விலை ரூ.12,000. கழிவு ரூ.1,500. கம்பெனி உத்தரவாதம் இன்று முதல் ஓர் ஆண்டு.”

இவ்வளவுதான். இதில் கடைக்காரருக்கும் பாதுகாப்பு இருக்கிறது. ‘கீறலைச் சொல்லவே இல்லை’ என்று வாங்கியவர் பிறகு வர முடியாது. மற்ற வாடிக்கையாளர் ‘எனக்கும் குறை’ என்று நின்றால், காரணத்தைக் காட்ட ரசீது இருக்கிறது. வாங்கியவருக்கோ, கீறல் தவிர வேறு கோளாறு வந்தால் கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது.

உத்தரவாதத்தைப் பற்றி மறக்காமல் கேட்க வேண்டும். காட்சிப் பொருளுக்கு உத்தரவாதம் உண்டா, இல்லையா? எந்தத் தேதியிலிருந்து? தள்ளுபடி கொடுத்தோம் என்பதற்காக உத்தரவாதக் கார்டை எடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தால், அந்தத் தள்ளுபடியால் பிரயோஜனம் இல்லை. ஆயிரம் ரூபாய் குறைத்து வாங்கி, மோட்டார் கெட்டதும் மூவாயிரம் செலவழிப்பதில் என்ன லாபம்?

ஆங்கில ரசீதைப் படிக்கத் தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. ‘என்ன எழுதியிருக்கிறீர்கள், படித்துச் சொல்லுங்கள்’ என்று கடையிலேயே கேட்கலாம். குமாஸ்தாக்களும் படித்த இளைஞர்களும் பண்டம் வாங்கப் போகும் பக்கத்து வீட்டுக்காரருடன் ஒரு அரை மணி நேரம் போய் வந்தால் பெரிய உபகாரம்.

தள்ளுபடி என்ற பெயரில்

தள்ளுபடியைக் கண்டதும் மயங்கிவிடவும் கூடாது. ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது, வியாபாரம் மந்தம். தீபாவளிச் சரக்கு வருமுன் பழைய சரக்கைத் தீர்க்கவே ஆடித் தள்ளுபடி போடுகிறார்கள். அது நியாயமான வியாபாரம்தான். ஆனால், 800 ரூபாய்ப் புடவைக்கு 1,200 என்று சீட்டு ஒட்டி, அதை அடித்து 800 என்று எழுதினால் அது தள்ளுபடி அல்ல. விளம்பரம் செய்த சலுகை விலையில் கொடுக்கும் எண்ணமே இல்லாமல் ஆட்களை வரவழைப்பதும் சட்டப்படி முறையற்ற வியாபாரம். உண்மைத் தள்ளுபடிக்கு ஒரு காரணம் இருக்கும். காரணத்தைக் கேட்டால் நேர்மையான கடைக்காரர் சொல்லிவிடுவார்.

எந்த விலைக்கும் கூடாதவை

சில குறைகளுக்குத் தள்ளுபடி கேட்கவே கூடாது; கொடுத்தாலும் வாங்கக் கூடாது. வயர் வெடித்த இஸ்திரிப் பெட்டி, மூடி சரியாகப் பூட்டாத பிரஷர் குக்கர், விரிசல் விட்ட காஸ் டியூப், கீழே விழுந்து அடிபட்ட ஹெல்மெட், கெடு முடிந்த மருந்து, உப்பிய டின் உணவு. இவற்றைப் பாதி விலைக்குக் கொடுப்பது உதவி அல்ல. மலிவு விலைப் பண்டத்தைத் தேடி வருபவர் ஏழைதான். ஆபத்தைத் தள்ளுபடி விலையில் ஏழை தலையில் கட்டுவது பாவம். அப்படிப்பட்டதைக் கடைக்காரர் கம்பெனிக்குத் திருப்ப வேண்டும். அல்லது உபயோகிக்க முடியாதபடி உடைத்துப் போட வேண்டும்.

கடைக்கு ஒரு பலகை

வணிகத்தைப் பற்றிய குறளை ‘நடுவு நிலைமை’ அதிகாரத்தில் வைத்தார் வள்ளுவர். பிறர் பொருளையும் தன் பொருள் போலப் பார்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. தராசு நேராக நிற்க, இரு பக்கமும் நேர்மை வேண்டும். வாங்குபவர் பொத்தானைப் பிய்த்து விலை கேட்கக் கூடாது. விற்பவர் ஒடுக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கக் கூடாது.

சத்தியவேடு கடைத்தெருவிலும் சுற்று ஊர்களிலும் உள்ள வியாபாரிகள் ஒரு சிறிய காரியம் செய்யலாம். கடையில் ஒரு பலகையை ஒதுக்கி, ‘குறையுள்ள பொருள், காட்சிப் பொருள்’ என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வைக்கட்டும். ஒவ்வொரு பண்டத்திலும் இன்ன குறை, முன் விலை இவ்வளவு, இப்போது இவ்வளவு என்று ஒரு சீட்டு ஒட்டட்டும். முழு விலை கொடுக்க வசதியுள்ளவர் புதியதை வாங்குவார். வசதி குறைந்தவர் தெரிந்தே அந்தப் பலகைக்கு வருவார். தலை குனியாமல் வாங்கிப் போவார்.

வாங்குபவர்கள் செய்ய வேண்டியதும் அதிகம் இல்லை. பண்டத்தை நாலு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஓட்டிப் பாருங்கள். ‘இது ஷோகேஸில் இருந்ததா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். குறை இருந்தால் பணம் கொடுக்கும் முன்பே விலை பேசுங்கள். பேசியதை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.